வால் வீச்சு

ஏணி வாங்கப் போவதென்றால் தனியாகப் போகக் கூடாது, ஐயா. பின்னால் பிடிக்க ஒருவரை அழைத்துக்கொண்டு போக வேண்டும். கனத்துக்காகச் சொல்லவில்லை, ஒரு மூங்கில் ஏணியை ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். நேராக நடக்கிற வரைக்கும் தொந்தரவும் இல்லை. கடைவீதியில் யாராவது இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால்தான் வினை. நாம் இடது பக்கம் திரும்புவோம். ஏணியின் முன்முனை நம்மோடு திரும்பும். பின்முனை வலது பக்கம் வீசிக்கொண்டு போய், அங்கே வெற்றிலை வாங்கிக்கொண்டிருப்பவர் காதில் இடிக்கும். அவர் நம்மைத் திட்டுவார். அவர் அங்கே நின்றதே நமக்குத் தெரிந்திருக்காது.

இதைச் சொன்னதும் உங்கள் குமாஸ்தாவே தலையாட்டிவிட்டார். நஷ்ட ஈட்டு மன்றத்திலும் இதே ஏணியைத்தான் சொன்னேன். அங்கே சிரித்தார்கள்.

நான் நானாகவே வந்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னால் அது கோர்ட்டில் நிற்காது, மாஜிஸ்திரேட்டிடம்தான் சொல்ல வேண்டும் என்று விசாரித்துக்கொண்டுதான் வந்தேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. அதை முதலில் எழுதச் சொல்லுங்கள். அஸ்திவாரம் சரியில்லாமல் எந்த இயந்திரத்தையும் நிறுத்தக் கூடாது.

என் பெயர் நரசிம்மலு. பீளமேட்டில் இயந்திரவியல் படித்தவன். ஈஸ்வரமூர்த்தியின் லாரிக் கம்பெனியில் சுமை இன்ஜினியர். எங்கள் லாரிகள் பருத்திப் பொதியும் கடலை மூட்டையும் ஏற்றுபவை அல்ல. மில்லுக்கு வரும் பாய்லர், ஆனைமலை அடிவாரத்தில் நடக்கும் மின்நிலைய வேலைக்கான இரும்புக் குழாய் என்று லாரியைவிடப் பெரிய சாமான்களைத்தான் ஏற்றுவோம். எதை எப்படி வைப்பது, எங்கே சங்கிலி போடுவது, எந்தப் பாலம் தாங்கும், எந்தத் திருப்பத்தில் இடம் போதாது என்பதெல்லாம் என் பொறுப்பு. சாலையில் போகும்போது சிவப்புக் கொடியோடு பின்னால் வருவதும் நான்தான். அதற்கு ஒரு கூலியாள் போதும் என்று முதலாளி பல தடவை சொன்னார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குத் தன் வால் எங்கே போகிறது என்று தெரியாது. கண்ணாடியில் என் கொடியைத்தான் பார்ப்பான். கொடி தாழ்ந்திருந்தால் போகலாம். உயர்ந்தால் நிறுத்த வேண்டும். அவ்வளவு நீளமான வண்டிக்கு மூளை பின்னால்தான் இருக்கிறது.

அறுபத்திரண்டில், மழை ஓய்ந்த பிறகு, அப்படி ஒரு குழாயை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போனோம். கிணத்துக்கடவைத் தாண்டி ரோடு இடது பக்கம் ஒடிகிற ஓர் இடம். வலது ஓரத்தில் மைல் கல். அங்கே ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தந்திக் கம்பி தாழ்வாகத் தொங்கியது. யாராவது தூக்கிப் பிடிக்காவிட்டால் குழாய் அதை அறுத்துவிடும். இப்படிப்பட்ட இடங்களில் உள்ளூர் ஆள் ஒருவரைப் பிடித்து, நுனியில் கவை உள்ள மூங்கில் கோலைக் கையில் கொடுத்துக் கம்பியை உயர்த்தச் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். அன்று கிடைத்தவன் சின்னான். தென்னை மரம் ஏறுகிறவன். நல்ல தோள். கோலோடு மைல் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றான், எல்லோரும் பார்த்தார்கள். லாரி இடது பக்கம் திரும்பியது. குழாயின் பின்முனை வலது பக்கம் வீசி அவன் மார்பில் அடித்தது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான்.

அவன் மனைவி சென்னியம்மாள் நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டாள். மோட்டார் விபத்துக்கென்றே தனி மன்றம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஜில்லா நீதிபதியே அதற்கும் தலைவர். இந்த மனுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அப்போது உட்கார்ந்து படித்தேன். அழகான அமைப்பு. லாரி இடித்தது என்று காட்டினால் மட்டும் போதாது; லாரியை நடத்தியவர்களின் அசட்டையால் இடித்தது என்று காட்ட வேண்டும். செத்தவன் தன் அசட்டையால் வந்து விழுந்தான் என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் பெண்டாட்டி வெறுங்கையோடு போக வேண்டியதுதான். சென்னியம்மாளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இருந்த குடிசை தோப்புக்காரருடையது. மரம் ஏற ஆளில்லாத குடும்பத்துக்கு அங்கே இடமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். மனு ஜெயித்தால் அந்த மூன்று பேருக்கும் ஒரு கூரை, தோற்றால் தெரு. ஆக எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. மைல் கல்லுக்குப் பக்கத்தில் நின்றவனைக் குழாயின் வால் தொடுமா, தொடாதா? தொடுமென்றால் தப்பு எங்கள் மேல்; தொடாதென்றால் அவனாகவே வந்து விழுந்தான் என்று ஆகும்.

முதலாளி என்னை வீட்டுக்கு அழைத்தார். மோர் கொடுத்தார்.

“ஏனுங்க இன்ஜினீர், அவன் குடிச்சுப்போட்டு வந்து உளுந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லீன்னு சொல்லப் போறானுங்களா?”

“பொய் சொல்ல மாட்டேனுங்க.”

“பொய்யின்னு யாருங்க சொன்னது? ஒரு அனுமானம்னு வெச்சுக்கங்க.”

“அனுமானத்துல லோடு ஏத்தினா பாலம் உக்காந்துக்குமுங்க” என்றேன். மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சம்பளம் கொடுப்பவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாளிக்கு வக்கீல் தம்பிதுரை. பெரிய கெட்டிக்காரர். சாட்சியைத் திட்ட மாட்டார்; சிரிக்க வைப்பார். மைல் கல்லுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ராசாத்தாளைத்தான் முதலில் கூண்டில் ஏற்றினார்கள்.

“ஏனுங்கம்மணி, லாரி போறப்ப நீங்க வடை சுட்டுட்டிருந்தீங்களா, வேடிக்கை பாத்துட்டிருந்தீங்களா?”

“வடைதானுங்க சுட்டேன். வேடிக்கை பாத்தா கருகிப்போகாதுங்களா?”

“அப்பறம் சின்னான் எங்க நின்னான்னு எப்படிங்க தெரியும்?”

“வடையத் திருப்பிப் போடறதுக்கு முந்தி பாத்தேனுங்க. கோலோட கல்லுக்குப் பக்கத்துல நின்னான். திருப்பிப்போட்டு நிமுந்தா டமார்னு சத்தமுங்க.”

“கல்லுக்குப் பக்கத்துலதான்? வேற எடமில்லையே?”

“என்ர கடைக்கு வாரவங்க குக்கி உக்காந்து டீ குடிக்கறதே அந்தக் கல்லு மேலதானுங்க. கல்லு எனக்குத் தெரியாதுங்களா? உங்களுக்கு வேணும்னா ஒரு நாளைக்கு வாங்க, உக்காந்து பாருங்க.”

தம்பிதுரைக்கு வேண்டியது அதுதான். சின்னான் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான் என்று மனுதாரரின் சாட்சியே சொல்லியாயிற்று. அடுத்து நான்.

“லாரி எந்தப் பக்கமுங்க திரும்புச்சு?”

“இடது பக்கம்.”

“சின்னான் நின்னது?”

“வலது பக்கம்.”

“இடது பக்கம் திரும்பற மாடு வலது பக்கம் நிக்கறவனை முட்டுமுங்களா?”

“கொம்பால முட்டாதுங்க. வாலால அடிக்கும்.”

“வாலடி பட்டுச் செத்தவன்னு யாரையாவது கேள்விப்பட்டிருக்கீங்களா, இன்ஜினீர் சார்? நான் பொறந்ததுல இருந்து மாட்டோட இருக்கறவனுங்க.”

மன்றமே சிரித்தது. அப்போதுதான் ஏணியைச் சொன்னேன். ஏணி வாங்கப் போனால் தன்னையும் கூப்பிடச் சொன்னார் தம்பிதுரை. பின்னால் பிடிக்க வாரேன் என்றார். நீதிபதியும் சிரித்துவிட்டார். சென்னியம்மாள் ஒரு மூலையில் நின்றிருந்தாள். எதற்கென்று தெரியாமல், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேரில் காட்டுகிறேன் என்று மன்றத்தைக் கேட்டேன். அதே லாரி, அதே அளவுக் குழாய், அதே திருப்பம். நீதிபதி நியாயமான மனிதர், ஒப்புக்கொண்டார். ஏற்பாடு என் பொறுப்பில் வந்தது.

எதையும் முதலில் சோதித்துப் பார்ப்பது என் பழக்கம். கம்பெனி மைதானத்தில் அந்தத் திருப்பத்தைச் சுண்ணாம்பால் வரைந்தேன். மைல் கல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணெய்ப் பீப்பாய். குழாயை அன்று வைத்திருந்த மாதிரியே வைத்து, பின்முனையில் ஓட்டைப் பானை ஒன்றைக் கட்டித் தண்ணீர் நிரப்பினேன். லாரி திரும்பத் திரும்ப, வால் போன வழியெல்லாம் மண்ணில் ஈரக் கோடாக விழுந்தது. நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. முன் சக்கரம் இடது பக்கம் ஒடிக்க ஆரம்பித்த அதே கணத்தில் அந்தக் கோடு வலது பக்கம் கிளம்புகிறது. பெரிய வயிறு போட்டு வளைந்து, பிறகு மெதுவாக உள்ளே வருகிறது. பின் அச்சுக்குப் பின்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைப் பொறுத்தது அந்த வயிறு. நீட்டல் கூடினால் வீச்சு கூடும். கல்வெட்டு மாதிரி உறுதியான விதி.

கோடு பீப்பாயைத் தொடவில்லை. ஒரு முழம் தள்ளியே வளைந்து போய்விட்டது.

எழுதுவதை நிறுத்த வேண்டாம். சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு முழம் என்பது பெரிய விஷயம் அல்ல. ஆனால் தம்பிதுரை அந்த ஒரு முழத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் சிரிக்க வைப்பார். தொட்டதா, தொடவில்லையா என்று மட்டும்தான் கேட்பார். விதி சரி, வீச்சு சரி, ஒரு முழத்துக்காக உண்மை தோற்கக் கூடாது. அதனால் குழாயைப் பின்னால் தள்ளினேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, சங்கிலியைத் தளர்த்தி, ஆப்புகளை மாற்றி வைத்து, கடப்பாரையால் நெம்பினால் அவ்வளவு பெரிய குழாயும் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரு முழத்துக்கு மேலேயே தள்ளினேன். சந்தேகத்துக்கு இடம் வைப்பது நல்ல வேலை அல்ல.

ஓட்டுநர் நசுருதீன் சுற்றி வந்து பார்த்தார்.

“அன்னைக்கு இத்தனை வெளிய நிக்கலீங்களே?”

“முன் அச்சுல பாரம் கொறையட்டும்னு தள்ளினேன் பாய்.”

“கொறைஞ்சா ஸ்டியரிங் லேசா இருக்கும். அதுவும் சரித்தானுங்க. நீங்க கொடியப் புடிங்க, நான் வண்டியப் புடிக்கறேன்.”

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. இத்தனை வருஷமும் என் கொடியை நம்பியே ஓட்டியவர். அவரை இப்போது ஏன் உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை. அவர் செய்ததெல்லாம் கொடி தாழ்ந்திருக்கும்போது லாரியை நகர்த்தியதுதான். அதுதான் அவருக்கு இட்ட வேலை.

மன்றத்து அமீனா வந்து நாடாவால் குழாயை அளந்தார். முனையிலிருந்து முனைக்கு அன்றைய அளவேதான். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். குழாயின் நீளத்தை அளந்தாரே தவிர அது லாரியின் மேல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அளக்கவில்லை. முன்னால் குறைந்ததும் பின்னால் கூடியதும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டன. பலர் அளவைப் பார்ப்பார்கள், இடத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அன்று காலை எல்லோரும் கிணத்துக்கடவுக்கு வந்தார்கள். தம்பிதுரையின் காரிலிருந்து முதலில் இறங்கியது சென்னியம்மாளும் குழந்தைகளும். பஸ்ஸுக்கு நின்றவர்களைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டாராம். எதிர்த்தரப்பு என்று பார்க்கவில்லை. நல்ல மனிதர்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் பொம்மையை நிறுத்தியிருந்தேன். வால் அதைத் தள்ளிவிட வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். தம்பிதுரை பொம்மையைப் பார்த்தார். அதன் தலையில் தட்டினார்.

“சோளக்காட்டுப் பொம்மைய வெச்சா கேஸ் நடத்தறது? இது உளுந்தா காத்துல உளுந்துச்சும்பேன், அவுங்க வாலுல உளுந்துச்சும்பாங்க. அப்பறம் அதுக்கொரு கேஸ். நானே நிக்கறேனுங்க.”

நீதிபதி தயங்கினார். என் பக்கம் திரும்பி, “இன்ஜினியர், ஆபத்து ஒன்றும் இல்லையே?” என்று கேட்டார்.

“வக்கீல் சொல்வது சரியென்றால் ஆபத்து இல்லை” என்றேன்.

அதை அவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். தம்பிதுரை வாய்விட்டே சிரித்தார். ஆனால் நான் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. திரும்பப் படித்துப் பாருங்கள். தம்பிதுரை கோட்டைக் கழற்றித் தன் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, பொம்மையை அப்பால் வைத்துவிட்டு, கல்லுக்கும் ரோட்டுக்கும் நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வரச் சொல்லுங்க உங்க மாட்டை” என்றார்.

கொடியைத் தாழ்த்தினேன்.

லாரி மெதுவாகத்தான் வந்தது. மாட்டு வண்டி வேகம்கூட இல்லை. முன் சக்கரம் ஒடித்தது. வால் கிளம்பியது. மைதானத்தில் மண்ணில் பார்த்த அதே வயிறு, இப்போது இன்னும் கொஞ்சம் பெரிதாக. அவர் லாரியின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள். அது அவரைத் தாண்டி இடது பக்கம் போய்க்கொண்டிருந்ததால் அவர் முகத்தில் ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. நீதிபதி பக்கம் கையைக்கூட விரித்துக் காட்டினார். குழாய் வந்து அவரைக் கல்லோடு சேர்த்து வைத்தது. சத்தம் அதிகம் இல்லை.

கொடியை உயர்த்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். உயர்த்தியிருக்கலாம். நிறைய நேரம் இருந்தது. உயர்த்தியிருந்தால் நசுருதீன் நிறுத்தியிருப்பார். நிறுத்தியிருந்தால் குழாய் அவரைத் தொடாமல் நின்றிருக்கும். “பாத்தீங்களா, தொடலை” என்று சொல்லியிருப்பார். பாதியில் நிறுத்திய சோதனையால் யாருக்கும் பயனில்லை, ஐயா. எந்தத் தொழிலிலும் அப்படித்தான்.

மனு ஜெயித்தது. சென்னியம்மாளுக்கு நீதிபதி தாராளமாகவே உத்தரவிட்டார். கண்ணால் பார்த்தவர் அல்லவா. இப்போது அவளுக்கு ஓட்டு வீடு இருக்கிறது, குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். எனக்கு நன்றி சொல்ல அவள் வரவில்லை. ஒரு நாள் நானே போனேன். வாசலில் நிற்க வைத்தே பேசினாள்.

“என்ர புருசன் போனது போதாதுன்னு இன்னொருத்தி தாலியும் அறுக்கோணுமுங்களா? கார்ல ஏத்திக் கூட்டிட்டு வந்த மகராசனுங்க அவரு. குழந்தைங்களுக்கு முறுக்கு வாங்கிக் குடுத்தாரு” என்றாள்.

படிக்காதவள். காரணத்தையும் காரியத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு நான் ஏன் வந்தேன் என்றுதானே யோசிக்கிறீர்கள்? மனச்சாட்சி உறுத்தி வரவில்லை. தம்பிதுரையின் மனைவியும் இப்போது மனுப் போட்டிருக்கிறார். முறைதான், அவருக்கும் கிடைக்க வேண்டும். அதில் எதிர்த்தரப்பு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? “எதிர்பாராத விபத்து” என்று. எதிர்பாராததாம். பத்திரிகையிலும் அப்படியே போட்டார்கள். விதி என்கிறார்கள், நேரம் என்கிறார்கள், சின்னானின் ஆவி என்றுகூட அந்த ரோட்டில் பேசிக்கொள்கிறார்கள். கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியாது. அது விபத்து அல்ல. கணக்குப் போட்டு, சோதித்து, ஒரு முழம் திருத்தி, நான் செய்த வேலை. நான் கொன்றேன் என்று எழுதுங்கள். ஆவி கொன்றது என்று இருக்க வேண்டாம்.

இல்லை, தண்ணீர் வேண்டாம். கேளுங்கள்.

நல்ல கேள்வி. இதை வேறு யாரும் கேட்கவில்லை. அன்று குழாய் பழைய இடத்தில்தான் இருந்தது, வால் கல்லுக்கு ஒரு முழம் தள்ளித்தான் போயிருக்கும், பிறகு சின்னான் எப்படிச் செத்தான் என்கிறீர்கள். அது சாதாரண விஷயம். கல்லுக்குப் பக்கத்தில் நின்றபோது அவன் கோல் கம்பிக்கு எட்டவில்லை. லாரி திரும்ப ஆரம்பித்துவிட்டது. கம்பி அறுந்தால் தந்தி இலாகாவோடு தகராறு. “ஒரு எட்டு முன்னால வா கண்ணு” என்றேன். வந்தான். நான் சொன்னதால் வந்தான். ராசாத்தாள் அப்போது வடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள், நசுருதீனுக்கும் தெரியாது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள். வீச்சு அவ்வளவு தூரம் வரும் என்று அன்று எனக்கே தோன்றவில்லை. அது கணக்கில் சேராது.

ஆமாம். நீங்கள் சொல்வது சட்டப்படி சரிதான். அந்த ஒரு வார்த்தையைக் கூண்டில் சொல்லியிருந்தால், கம்பெனி ஆள் கூப்பிட்டுத்தான் போனான் என்று அன்றைக்கே மனு ஜெயித்திருக்கும். சென்னியம்மாளும் காத்திருக்க வேண்டியதில்லை, தம்பிதுரையும் வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆனால் வால் வீச்சைப் பற்றி யாருமே தெரிந்துகொண்டிருக்க மாட்டார்களே, ஐயா.